ஒரு பென்னி செலவழிக்கணும்

2019 நவம்பர், ஒரு புதன்கிழமை மதியம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு மருத்துவமனை, முதியோர் வார்டு. அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ஏழாம் நம்பர் கட்டிலில் 88 வயது அம்மா ஒருவர் இருந்தார். வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள். வெளுத்த தலைமுடியைக் காலையிலேயே வாரிவிடச் சொல்லி, வெளிர்நீலக் கம்பளிச் சட்டையின் பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பார். தனியாக எழுந்து நடக்கக் கூடாது, எதுவானாலும் எங்களைக் கூப்பிடுங்கள் என்று அன்று காலைகூட நானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

பார்வையாளர் நேரம். எதிர்க் கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நான் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் நாங்கள் சிவப்பு மேலங்கி ஒன்று போட்டிருப்போம். தொந்தரவு செய்யாதீர்கள் என்று அதில் பெரிதாக எழுதியிருக்கும். அதைப் பார்த்தும் அந்த அம்மா கையை லேசாக உயர்த்தினார். குனிந்தேன். காதோடு சொல்கிற குரலில், "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, டக்" என்றார்.

டக் என்பது அந்தப் பக்கத்தில் 'கண்ணு' என்று கூப்பிடுவது மாதிரி. அது எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. மற்றவையும் தெரிந்த சொற்கள்தான். ஸ்பெண்ட் என்றால் செலவழிப்பது, பென்னி என்றால் காசு. சாயங்காலம் தன்னார்வலர்கள் ஒரு தள்ளுவண்டியில் பேப்பர், சாக்லேட், டிஷ்யூ எல்லாம் வார்டுக்குள் கொண்டுவருவார்கள். ஏதோ வாங்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "வண்டி நாலு மணிக்கு மேல்தான் வரும். உங்கள் பை பத்திரமாக இருக்கிறது" என்றேன். அவர் எதிர்க் கட்டில் குடும்பத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னும் சன்னமாக அதையே திரும்பச் சொன்னார். சரி, காசை நினைத்துக் கவலைப்படுகிறார் போல என்று, அலமாரியைத் திறந்து அவருடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன்.

பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தேங்க் யூ, டியர்" என்றார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இருபது நிமிஷம் கழித்து வந்தபோது நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று மடியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. "சாரி, ஐ'ம் சோ சாரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கைக்கெட்டும் தூரத்தில் மணி இருந்தது, அடிக்கவில்லை. இரண்டு தடவை சொல்லியாயிற்று, மூன்றாவது தடவை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

திரையை இழுத்துவிட்டு, நானும் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் ஒருவரும் அவரைச் சுத்தம் செய்து உடை மாற்றினோம். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருக்கிறவர் அந்த அசிஸ்டன்ட். வெளியே வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் முழங்கையைத் தொட்டு, "அவங்க டாய்லெட் போகணும்னு கேட்டிருக்காங்க. அந்த வயசுப் பெண்கள் அப்படித்தான் சொல்வாங்க" என்றார். ஸ்பெண்ட் எ பென்னி என்றால் ஒன்றுக்குப் போவது. அவ்வளவுதான் அர்த்தம். அன்று மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைட் மாத்திரை கொடுத்ததும் நான்தான். ஒரு மணி நேரத்துக்குள் அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும் என்று எந்த நர்ஸுக்கும் தெரியும். சொல் புரியாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்க வேண்டியது.

இங்கே வருவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வாங்க வேண்டும். வாங்கினேன். ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்விலும் முதல் தடவையே தேறினேன். அதற்கு முன்னால் திருச்சியில் ஆறு வருஷம் வார்டு வேலை. "சிஸ்டர், பாத்ரூம் வருது" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பெட்பேன் கையில் இருக்கும். பாத்ரூம் எப்படி வரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தாய்மொழியில் சொல் காதில் விழுவதற்கு முன்னாலேயே தேவை விழுந்துவிடுகிறது. அடுத்தவர் மொழியில் முதலில் விழுவது சொல்தான்.

தெரியாத சொல் என்றால் ஆபத்தில்லை. கேட்டுவிடுவோம். எல்லாச் சொல்லும் தெரிந்த வாக்கியம்தான் ஏமாற்றும், ஏனென்றால் அங்கே சந்தேகமே வருவதில்லை. 'ஸ்பெண்ட்', 'பென்னி' இரண்டில் ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு அந்த இருபது நிமிஷம் வந்திருக்காது. அதனால் இப்போதெல்லாம் வாக்கியம் புரிந்து, ஆனால் அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாமல் நிற்கும்போது உடனே நின்றுவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள், எழ முடியாத ஒருவர், ஏன் இவ்வளவு ரகசியமாகக் காசைப் பற்றிப் பேசுகிறார்? அந்த ஒரு கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அறைக்கு வந்து சாப்பாட்டைச் சூடு பண்ணக்கூட மனம் வரவில்லை. அப்பாயி ஞாபகம்தான். எங்களுக்குக் கும்பகோணம் பக்கத்தில் கிராமம். அப்பாயி கடைசிவரை "கொல்லைப்பக்கம் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லும். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கட்டி, கொல்லையில் மாட்டுக்கொட்டகைகூட இல்லாமல் போன பிறகும் அதே பேச்சுதான். அப்பாயி எங்கோ கண்காணாத ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, "கொல்லைக்குப் போகணும்மா" என்று சொல்லி, புத்தகத்தில் தமிழ் படித்த ஒரு நர்ஸ் ஜன்னலைத் திறந்து தோட்டத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? நான் மடியில் பையை வைத்தது அதேதான்.

இதற்குத் தமிழில் பெயரே உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான், இடக்கரடக்கல். பலர் முன்னால் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்று இலக்கண வகுப்பில் உதாரணம் சொல்லுவார்கள். நன்னூல் இதைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைக்கிறது. மற்ற இரண்டு மங்கலமும் குழூஉக்குறியும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்த மூன்றும் எங்கள் வார்டில் ஒவ்வொரு நாளும் நடக்கின்றன. செத்துவிட்டார் என்று எந்தக் குடும்பத்துக்கும் நாங்கள் போன் செய்வதில்லை, 'பாஸ்ட் அவே' என்கிறோம். நம் ஊரில் 'தவறிட்டார்', 'சாமிகிட்ட போயிட்டார்' என்பது போல. அது மங்கலம். ஷிஃப்ட் மாறும்போது எங்களுக்குள் எழுத்து எழுத்தாகச் சுருக்கிப் பேசிக்கொள்கிறோமே, அது குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் பறி என்று சொன்ன மாதிரி. ஏழாம் கட்டில் அம்மா சொன்னது இடக்கரடக்கல்.

இதை இப்படிப் பார்த்த பிறகுதான் நான் செய்த தவறு எந்த இடத்தில் என்று சரியாகப் புரிந்தது. மறைத்துச் சொன்ன ஒன்றை நான் அவரிடம் திரும்பச் சொல்ல வைத்தேன். ஒரு திரையைப் போட்டுக்கொண்டு பேசுகிறவரைத் திரையை விலக்கிக் காட்டச் சொல்வது அது. மரபுத்தொடர் புரியாமல் போவது பல இடங்களில் சிரிப்போடு முடியும். ஆனால் வெட்கத்துக்காக ஏற்பட்ட தொடர்களில் அப்படி முடியாது.

மறுநாள் காலை அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டால் பக்கத்துக் கட்டில் காதில் விழும், நேற்றையது மறுபடி பேச்சுக்கு வரும் என்று அதைத் தவிர்த்தேன். முழங்காலிட்டு உட்கார்ந்து, அவர் காதருகே, "வுட் யூ லைக் டு ஸ்பெண்ட் எ பென்னி?" என்று கேட்டேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் நாற்காலிக் கையைப் பிடித்து எழ ஆரம்பித்தார். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து அடி தூரத்தை ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேருமாகக் கடந்தோம். திரும்பி வரும்போது அவரே சொன்னார்.

சிறு பெண்ணாக இருந்தபோது அம்மாவோடு டவுனுக்குப் போனால், கழிப்பறைக்கென்று ஒரு பென்னியைத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிடுவார்களாம். கழிப்பறைக் கதவில் பித்தளைப் பூட்டு, அதில் காசு போட ஒரு துளை. போட்டால்தான் கதவு திறக்கும். உள்ளே போன பெண் வெளியே வரும்போது கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நிற்பாராம், அடுத்தவர் காசில்லாமல் நுழைந்துகொள்ளட்டும் என்று. முன்பின் தெரியாதவர்கள்தான். "அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு மரியாதை" என்றார்.

அந்தப் பழைய பென்னி இப்போதைய பென்னி இல்லை. 31 மில்லிமீட்டர் அகலத்தில் நல்ல கனமான வெண்கலக் காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் திரிசூலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 1971 பிப்ரவரி 15-ஆம் தேதிதான் 100 பென்ஸ் கணக்குக்கு மாறினார்கள். காசு மாறி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் மட்டும் அந்தப் பென்னி அப்படியே இருக்கிறது, கொல்லை இல்லாத வீட்டில் அப்பாயியின் கொல்லை இருந்த மாதிரி.

கட்டணக் கழிப்பிடக் கதை இன்னும் பின்னால் போகிறது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் பெரும் கண்காட்சி நடந்தபோது, ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் அங்கே ஃப்ளஷ் செய்யும் கழிப்பறைகளை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. 8,27,280 பேர் காசு கொடுத்துப் பயன்படுத்தியதாகக் கணக்கு. இந்தப் பேச்சு அங்கேயே பிறந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. அகராதிகள் காட்டும் பழைய அச்சுச் சான்று என்னவோ 1945-ஆம் வருஷத்தது. அந்தக் காலத்தில் வெளியே சொல்லவே கூசிய பேச்சு, எழுத்தில் ஏறுவதற்கு முன்னால் வாயிலேயே நெடுநாள் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இது ஏன் பெரும்பாலும் பெண்கள் வாயில் வருகிறது என்பதற்கும் காரணம் அந்தப் பூட்டுதான். ஆண்கள் நின்றபடி போகும் இடத்துக்குக் காசு கிடையாது. கதவு போட்ட அறைக்குத்தான் காசு. ஆக, ஒவ்வொரு தடவையும் பென்னி செலவழித்தவர்கள் பெண்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளில் பார்த்தால் இது உடனே புரியும். கட்டணக் கழிப்பிட வாசலில் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது யார், சுவரோரம் ஓசியில் முடித்துக்கொள்வது யார்? இங்கிலாந்தில் நுழைவாயிலில் இருந்த சுழல்கதவுகளில் கர்ப்பிணிகளும் மூட்டை முடிச்சோடு வருகிறவர்களும் படாதபாடு பட்டு, உள்ளாட்சிக் கழிப்பிடங்களில் அவற்றை வைக்கக் கூடாதென்று 1963-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றில் கழிப்பறைக்குக் கட்டணம் வாங்குவது நின்றதே 2019-இல்தான்.

அந்த வாரமே சட்டைப் பைக்குள் அடங்குகிற நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். வார்டில் காதில் விழும் இந்த மாதிரிப் பேச்சுகளை எழுதிவைக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் பென்னி. இரண்டாவது, 'ஆக்ஸிடென்ட்'.

அதுவும் ஒரு சம்பவத்தோடு வந்ததுதான். இரவு ஷிஃப்டில் ஒரு தாத்தா மணி அடித்து, "ஐ'வ் ஹேட் எ லிட்டில் ஆக்ஸிடென்ட்" என்றார். விழுந்துவிட்டார் என்று பதறி, தலையில் அடிபட்டிருக்கிறதா, கைகால் அசைகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களோடு இருந்த சீனியர், கோட்டயத்துக்காரர், நாங்கள் சேச்சி என்று கூப்பிடுவோம். சேச்சி வந்து ஒன்றும் பேசாமல் போர்வைக்குள் கையை விட்டு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். படுக்கை நனைந்திருந்தது. ஆக்ஸிடென்ட் என்றால் அடக்க முடியாமல் போய்விட்டது என்று அர்த்தம். "விழுந்திருந்தா ஃபால்னு சொல்லுவாங்க, மோளே" என்றார் சேச்சி. அன்றிலிருந்து படுத்திருக்கிறவர் வாயிலிருந்து ஆக்ஸிடென்ட் வந்தால் என் கை முதலில் விரிப்புக்குத்தான் போகும்.

சில தொடர்கள் நம் பேச்சோடு அப்படியே ஒட்டும். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து "ஹேவ் யூ பீன்?" என்று கேட்பார். எங்கே போனதாகக் கேட்கிறார் என்று முதலில் குழப்பம். பிறகு பார்த்தால் நம் "வெளியே போனீங்களா?"தான் அது. எங்கே என்று சொல்லாமலே இரண்டு மொழியிலும் புரிந்துகொள்கிறார்கள். 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் ஊருக்குத் தண்ணீர் விடும் நிலையம். ஆனால் ஒரு டாக்டர் ஒரு பெரியவரிடம் வாட்டர்வொர்க்ஸில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டால், நீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று கேட்கிறார். 'பங்டு அப்' என்றால் மூக்கடைப்பாகவும் இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். கை எங்கே இருக்கிறது, மூக்கிலா வயிற்றிலா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் மொழி என்றால் இந்தச் சிக்கல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா வார்டில் இருந்தார். ஆங்கிலம் சரளமாகப் பேசுவார், ஆனால் காய்ச்சல் கூடும்போது தமிழுக்குப் போய்விடுவார். ஒரு நாள், "பிள்ளை, சலம் போகேல்லை, எரியுது" என்றார். எங்கள் பக்கம் சலம் என்றால் சீழ். புண்ணில் சலம் வைத்திருக்கிறது என்போம். காலில் கட்டுப் போட்ட இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவர் அடிவயிற்றைக் காட்டினார். அவருக்குச் சலம் என்றால் சிறுநீர். மலசலகூடம் என்று இலங்கையில் பலகையிலேயே எழுதியிருக்கும் சொல்லில் இருக்கிற அதே சலம். ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது மூத்திரப்பை நிறைந்து அடைத்திருந்தது. இந்தத் தடவை இருபது நிமிஷம் போகவில்லை, ஒரு நிமிஷம்தான். அவர் கையைப் பார்த்ததால். நோட்டுப் புத்தகத்தில் தமிழ்ச் சொல் ஒன்று ஏறியது அன்றுதான்.

புதிதாக வரும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, எத்தனை இடியம் படித்துவிட்டு வர வேண்டும் அக்கா என்று. பட்டியல் படிப்பதில் தப்பில்லை, ஆனால் இது பட்டியலில் அடங்காது. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது மாறும். அதனால் சொல் தெரியாத நிலையிலும் கைகொடுக்கிற சில பழக்கங்களைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

குரல் திடீரென்று தணிந்தால், கண் மற்றவர்களைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தால், கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உடுப்பின் ஓரத்தை விரல் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், அவர் என்ன சொல்கிறார் என்பது இரண்டாம் பட்சம். முதலில் கழிப்பறை. ஞாபகமறதி நோய் உள்ளவர்கள் "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து எழுந்து நிற்பதுகூடப் பல சமயம் இதற்காகத்தான். பேரன் பெயர் மறந்துபோகும், இளவயதில் பழகிய இந்த மறைமொழி மறப்பதில்லை.

அடுத்தது, "என்ன சொன்னீர்கள்?" என்று நின்ற நிலையில் உரக்கக் கேட்காதீர்கள். "அப்படியென்றால் என்ன?" என்றும் கேட்காதீர்கள். விளக்கம் சொல்ல வேண்டிய வேலையை அவர் தலையில் போடக் கூடாது. குனிந்து, முகத்துக்கு நேராக வந்து, "உங்களை டாய்லெட்டுக்குக் கூட்டிப்போகவா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அதுதான் வேண்டும் என்றால் தலையை ஆட்டினால் போதும். இல்லையென்றால் இல்லை என்பார், யாருக்கும் நஷ்டமில்லை. நான் அன்று செய்திருக்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். பையைத் திறந்து காசு எடுத்துக் கொடுக்கும் வேலை எல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் நல்லது, அவர்கள் கேட்கும் நிலைமைக்கு விடாமல் இருப்பது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டில் கட்டிலாகப் போய் வலி, தண்ணீர், கழிப்பறை மூன்றையும் கேட்கும் சுற்று இங்கே உண்டு. பலர் அதைத் தாளில் டிக் அடிக்கும் வேலையாகச் செய்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. நீர்மாத்திரை கொடுத்த நேரத்தைக் கணக்கு வைத்து, பார்வையாளர் வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை கூட்டிப்போய்விட்டால், அந்தச் சன்னக் குரலுக்கே அவசியம் வராது. வயதானவர்கள் வார்டில் விழுவது பல சமயம் யாரையும் கூப்பிட மனமில்லாமல் தாங்களாகவே கழிப்பறைக்கு எழும்போதுதான்.

சொல்லை நாம் பயன்படுத்துவதா என்று கேட்டால், என்னிடம் அப்படிச் சொன்னவரிடம் மட்டும் நான் திரும்பச் சொல்வேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் என்றால் பெரும்பாலும் பொருந்தும். ஆண்களிடம் சொல்வதில்லை. என்னோடு வேலை பார்க்கும் இருபத்தைந்து வயது ஆங்கிலேயப் பெண்ணுக்கு அர்த்தம் தெரியும், ஆனால் அவள் 'லூ' என்பாள். யார் வீட்டுக்காவது போயிருந்தால் லூ எங்கே என்று கேட்பது பாதுகாப்பானது. பொது இடத்தில் டாய்லெட் என்று நேராகக் கேட்டாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அமெரிக்கர் ஒருவரிடம் போய்ப் பென்னி கதை பேசினால் அவருக்கும் எனக்கு விளங்காத மாதிரியே விளங்காமல் போகலாம். அங்கே ரெஸ்ட்ரூம், பாத்ரூம். அப்புறம், நோயாளி குறிப்பேட்டில் இந்த மறைமொழி எதுவும் எழுதக் கூடாது. அங்கே எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, என்ன நிறம் என்பதுதான். நோயாளியிடம் மறைவாகவும் தாளில் வெளிப்படையாகவும் பேச வேண்டிய வேலை எங்களுடையது. மாற்றிச் செய்தால் இரண்டு பக்கமும் தவறு.

ஒன்றே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். டாக்டரிடமோ அகராதியிடமோ போவதற்கு முன்னால் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்களிடம் கேளுங்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இந்தக் கிழவிகளின் தெருவிலேயே வளர்ந்தவர்கள் அவர்கள். நம்மைவிடச் சம்பளம் குறைவு, பதவி குறைவு என்பதால் அவர்களிடம் கேட்கத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் நோட்டுப் புத்தகத்தில் பாதிக்கு மேல் அவர்கள் சொன்னதுதான்.

ஏழாம் கட்டில் அம்மா மூன்று வாரம் இருந்தார். கடைசி வாரத்தில் நடைச் சட்டத்தோடு தானே கழிப்பறைக்குப் போய் வந்துவிடுவார். போகும்போது என்னைக் கடந்தால், "ஸ்பெண்டிங் மை பென்னி" என்று சொல்லிவிட்டுப் போவார், சாதாரணக் குரலில்.

போன மாதம் 91 வயதுத் தாத்தா ஒருவர், மகள் பக்கத்தில் இருக்கும்போது, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "ஐ நீட் டு ஸீ எ மேன் அபௌட் எ டாக்" என்றார். ஒரு நாய் விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தெரியாத தொடர். குரல் தணிந்திருந்தது. போர்வைக்குள் கால்கள் நிலையாக இல்லை. மகளை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். திரையை இழுத்து மூடி, பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். திரைக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவர் கூப்பிட்டு, பாட்டிலை வாங்கி, அளந்து குறித்து, கையைக் கழுவிய பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.